தரவு இங்கே, தடம் எங்கே?

திருச்சியை ஒட்டிய கைலாசபுரத்தில் ‘ஹீட் நம்பர்’ என்று சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. உருக்காலையில் ஒரு தடவை காய்ச்சி ஊற்றிய எஃகு முழுவதற்கும் ஓர் எண் உண்டு. அந்த வார்ப்பிலிருந்து வந்த தகட்டிலும் குழாயிலும் அந்த எண் குத்தப்பட்டிருக்கும். பாரத மிகுமின் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை, செக்கோஸ்லோவாகியாவின் தொழில்நுட்ப உதவியோடு 1965-ல் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. ஆலையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. கொதிகலனுக்கான தகட்டை வெட்டுவதற்கு முன்னால், வெட்டுப்படப்போகும் துண்டின் மேலும் அதே எண்ணைக் குத்திக்கொள்ள வேண்டும். குத்தாமல் வெட்டிவிட்டால் அந்தத் துண்டு எந்த எஃகு என்று சொல்ல ஆளில்லை. 2025 வரை நடப்பிலிருந்த 1923-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டமும் அதன்கீழ் 1950-ல் வகுத்த விதிகளும் இதில் விளையாட இடம் தந்ததில்லை. உயர் அழுத்த நீராவியைத் தாங்கப்போகும் எந்தக் குழாயைக் காட்டிக் கேட்டாலும், அது எங்கே பிறந்தது என்பதற்குச் சான்றிதழ் இருக்க வேண்டும்.

குழாயைப் பார்த்து எஃகைக் கேட்பது சுலபம். எண் குழாயின் மேலேயே இருக்கிறது. கேள்வியைத் திருப்பிப் போட்டால்தான் கதை மாறுகிறது. ஒரு வார்ப்பில் குறை இருந்தது என்று பிறகொரு நாள் தெரியவருகிறது. அந்த எஃகு எந்தெந்தக் கொதிகலனுக்குள் போனது? குழாயின் மேல் குத்திய எண் இப்போது உதவாது. எண் குழாயோடு ஊர்போய்விட்டது. ஒரு துண்டு மேட்டூரில் இருக்கலாம், இன்னொன்று தூத்துக்குடியில் இருக்கலாம். எண் எங்கே எங்கே போனது என்று ஆலையிலேயே யாராவது தனியாக எழுதி வைத்திருந்தால்தான் பதில் உண்டு.

கணினிகளின் தரவுக் கோப்புகளிலும் இதே திருப்பிப் போட்ட கேள்வி இருக்கிறது. அதற்கு மிக அழகாகப் பதில் சொல்லும் ஒரு கணினிக் குடும்பம் இருக்கிறது. மேசைக் கணினியைவிடப் பெரியது, ஒரு காலத்தில் ஒரு தளத்தையே அடைத்துக்கொண்ட மெயின்ஃபிரேமைவிடச் சிறியது; அதனால் இடைநிலைக் கணினி என்று வகைப்படுத்துவார்கள். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஏ.எஸ்/400 என்றால் சென்னையின் மென்பொருள் அலுவலகங்களில் நடுவயதைத் தாண்டிய பலருக்குத் தெரியும். வெளிநாட்டு வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், மொத்த வியாபாரிகள் ஆகியோரின் கணக்குகளை இங்கிருந்தபடியே பராமரித்துக் குடும்பம் நடத்தியவர்கள், நடத்துகிறவர்கள் ஏராளம். இப்போது அதன் பெயர் ஐ.பி.எம். ஐ. பெயர் நான்கைந்து தடவை மாறிவிட்டது. உள்ளே இருக்கும் எண்ணம் மாறவில்லை.

அந்த எண்ணம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்ற ஊரில் உருவானது. ஃபிராங்க் சால்டிஸ் என்ற பொறியாளரும் அவருடைய தோழர்களும் 1970-களில் ஒரு கணினியை வடிவமைத்தார்கள். தரவுத்தளத்தைத் தனியாக வாங்கி நிறுவ வேண்டியதில்லை, அது இயந்திரத்தின் உடம்பிலேயே இருக்க வேண்டும் என்பது அவர்கள் தீர்மானம். 1978 அக்டோபரில் சிஸ்டம்/38 என்ற பெயரில் அது அறிவிக்கப்பட்டது. அதே 1978-ல்தான் ஐ.பி.எம். இந்தியாவைவிட்டு வெளியேறியது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி பங்குகளை இந்தியர்களுக்கு விற்கச் சொன்னார்கள். நிறுவனம் மறுத்துக் கடையைக் கட்டியது. 1988 ஜூன் 21 அன்று ஏ.எஸ்/400 வெளிவந்தபோதும் ஐ.பி.எம். இங்கே இல்லை. 1992-ல் டாட்டாவோடு கூட்டுச் சேர்ந்து திரும்பி வந்தது. இந்தக் கணினியின் பிள்ளைப்பருவத்தை நாம் பார்க்கவில்லை. அது வளர்ந்து, கோப்புகள் குவிந்து, சிக்கல்கள் முற்றிய பிறகுதான் நம் ஆட்களின் கைக்கு வந்தது. சிக்கலைத் தீர்ப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரு கொதிகலன் ஆலையின் இருப்புக் கணக்கு இப்படிப்பட்ட கணினியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு வரி: ஹீட் நம்பர், தடிமன், வாங்கிய நாள், கொடுத்த நிறுவனம், எந்த வேலைக்குப் போனது. இந்த வரிகள் எல்லாம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் ‘பிசிக்கல் ஃபைல்’ என்று பெயர். தரவு இருப்பது இங்கே மட்டும்தான்.

ஆனால் கேட்பவர்கள் பலர். கிடங்குக்காரருக்குத் தடிமன் வரிசையில் வேண்டும். தணிக்கைக்காரருக்கு வாங்கிய நாள் வரிசையில் வேண்டும். தர ஆய்வாளருக்கு ஹீட் நம்பர் வரிசையில், அதுவும் இன்னும் சான்றிதழ் வராதவை மட்டும் வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு நகல் எடுத்துக் கொடுத்தால், சாயங்காலத்துக்குள் மூன்று நகல்களும் மூன்று கதை சொல்லும். இதற்குத்தான் ‘லாஜிக்கல் ஃபைல்’. அதில் தரவு கிடையாது. எந்த வரிசையில் படிக்க வேண்டும், எந்த வரிகளைக் காட்ட வேண்டும், எவற்றை மறைக்க வேண்டும் என்ற தடம் மட்டும் இருக்கும். நிரலைப் பொறுத்தவரை அதுவும் ஒரு கோப்புதான். திறக்கலாம், படிக்கலாம், எழுதவும் செய்யலாம். எழுதினால் எழுத்து போய் விழுவது பிசிக்கல் ஃபைலில். ஒரு பிசிக்கல் ஃபைலின் மேல் பத்து லாஜிக்கல் ஃபைல்கள் இருப்பது சாதாரணம். நூறு இருப்பதும் உண்டு. புதிதாக ஒரு தகடு வந்து வரி ஒன்று சேர்ந்தால், இயந்திரம் அந்த நூறு தடங்களிலும் அதற்குரிய இடத்தைத் தேடி அந்தக் கணமே பொருத்திவிடும். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் வைக்கும் கொள்கலன்தான் லைப்ரரி. லைப்ரரிக்குள் இன்னொரு லைப்ரரி வைக்க முடியாது, இயந்திரத்தின் மூல லைப்ரரி ஒன்றைத் தவிர. கோப்பின் பெயர் பத்து எழுத்துக்குள் அடங்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் வெவ்வேறு லைப்ரரிகளில் இருக்கலாம். அன்றாடம் ஓடும் உண்மையான கணக்கு ‘ப்ரொடக்‌ஷன்’ லைப்ரரியில் இருக்கும். நிரலாளர்கள் பழகிப் பார்ப்பதற்கு அதே பெயர்களோடு ‘டெஸ்ட்’ லைப்ரரி ஒன்று இருக்கும். நிரலில் லைப்ரரியின் பெயரை எழுதுவதில்லை. கோப்பின் பெயரை மட்டும் சொன்னால், இயந்திரம் அன்றைக்கு உங்களுக்கென்று இருக்கும் லைப்ரரி பட்டியலை மேலிருந்து கீழாகத் தேடி, முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும். பட்டியலை மாற்றினால் அதே நிரல் வேறு தரவின் மேல் ஓடும். அருமையான வசதி. நான் பேச வந்த சிக்கலுக்கு விதையும் இதுதான்.

பிசிக்கல் ஃபைல் ஒரு லைப்ரரியிலும் அதன் லாஜிக்கல் ஃபைல் வேறொரு லைப்ரரியிலும் போய் உட்கார்ந்துவிடுகிறது. எப்படி?

லாஜிக்கல் ஃபைலை உருவாக்கும்போது, அது எந்தப் பிசிக்கல் ஃபைலைச் சார்ந்தது என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் பெயரை மட்டும் எழுதுவார்கள். இயந்திரம் அந்த நிமிடத்துப் பட்டியலைப் பார்த்துத் தேடி, கண்டுபிடித்து, கட்டிப்போடும். அதோடு சரி. நிரல் ஓடும்போதெல்லாம் கோப்பு புதிதாகத் தேடப்படுகிறது. லாஜிக்கல் ஃபைலின் பிணைப்போ பிறந்தபோது ஒரே ஒரு தடவை முடிவாகிவிடுகிறது. அன்றைக்கு அந்த நிரலாளரின் பட்டியலில் டெஸ்ட் லைப்ரரி மேலே இருந்திருந்தால், ப்ரொடக்‌ஷனில் பிறந்த லாஜிக்கல் ஃபைல் டெஸ்ட்டில் கிடக்கும் பழைய பழகுதரவைக் காட்டிக்கொண்டிருக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. திரை திறக்கும், எண்கள் வரும், அவை தவறான எண்களாக இருக்கும். தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம். டெஸ்ட் லைப்ரரியில் இருக்கும் லாஜிக்கல் ஃபைல் ப்ரொடக்‌ஷன் தரவைப் பிடித்துக்கொண்டிருந்தால், ‘பழகிப் பார்க்கிறோம்’ என்று நினைத்து அழிக்கும் வரிகள் உண்மையான வரிகள்.

நகல் எடுப்பதில் இருக்கும் வழி இன்னும் நுட்பமானது. ஒரு லாஜிக்கல் ஃபைலை வேறு லைப்ரரிக்கு நகலெடுக்கச் சொன்னால் இயந்திரம் யோசிக்கிறது. மூல லாஜிக்கலும் அதன் பிசிக்கலும் ஒரே லைப்ரரியில் இருந்து, நகல் போகும் லைப்ரரியிலும் அதே பெயரில் ஒரு பிசிக்கல் இருந்தால், புதிய நகலை அந்தப் புதிய பிசிக்கலின் மேல் கட்டும். பெரும்பாலும் நாம் விரும்புவதும் அதுதான். ஆனால் மூலத்திலேயே இரண்டும் வெவ்வேறு லைப்ரரியில் இருந்தால், இயந்திரம் ஊகத்தைக் கைவிட்டு, நகலையும் பழைய பிசிக்கலின் மேலேயே கட்டிவிடும். அதாவது ஒரு தடவை பிசகிய இணை, நகலெடுக்கும்போதெல்லாம் பிசகையும் சேர்த்தே பெருக்கும். பத்து வருடங்களுக்கு முன் ஒருவர் செய்த ஒரு சிறு பிழை பதினைந்து லைப்ரரிகளில் வாரிசுகளோடு வாழ்வது இப்படித்தான்.

என்னை மிகவும் வியக்க வைப்பது இடம் மாற்றுதல். லாஜிக்கல் ஃபைல் தன் பிசிக்கல் ஃபைலைப் பெயரால் நினைவில் வைத்திருப்பதில்லை. அந்தப் பொருளையே சுட்டிக்கொண்டிருக்கிறது. சிஸ்டம்/38 காலத்திலிருந்தே இந்த இயந்திரத்தில் நினைவகமும் வட்டும் சேர்ந்து ஒரே முகவரி வெளி. ஒவ்வொரு பொருளுக்கும் அதில் ஓர் இடம், அதைச் சுட்டும் சுட்டி. வாடகைக்கு வீடு மாறிக்கொண்டே இருப்பவரின் முகவரியை எழுதிக்கொள்ளாமல் அவருடைய கையையே பிடித்துக்கொண்டு நடப்பது போல. பிசிக்கல் ஃபைலுக்குப் புதுப் பெயர் வைத்தாலும், அதை வேறு லைப்ரரிக்கு நகர்த்தினாலும், லாஜிக்கல் ஃபைல் பிடியை விடாது. இப்போது ஆண்டு முடிவை நினைத்துப் பாருங்கள். போன வருடக் கணக்கை ‘பழையவை’ என்ற லைப்ரரிக்கு நகர்த்திவிட்டு, இருந்த இடத்தில் அதே பெயரில் காலிக் கோப்பு ஒன்றை ஒருவர் உருவாக்குகிறார். பார்வைக்கு எல்லாம் ஒழுங்கு. ஆனால் ப்ரொடக்‌ஷனில் இருக்கும் லாஜிக்கல் ஃபைல்கள் அத்தனையும் பழையவை லைப்ரரிக்குள் போன கோப்பின் கையைத்தான் இன்னும் பிடித்திருக்கின்றன. புதுக் கோப்பில் புது வரிகள் சேர்கின்றன. அறிக்கைகளில் போன வருடமே ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பிணைப்புகள் நீண்டநாள் வாழ்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏ.எஸ்/400 இயந்திரங்கள் 1995-ல் 64 பிட் செயலிக்கு மாறியபோது, பழைய நிரல்களைப் பெரும்பாலும் திரும்ப எழுதாமலேயே தூக்கி வைக்க முடிந்தது. வன்பொருள் முற்றிலும் வேறு. மேலே இருப்பவற்றுக்கு அது தெரியவே தெரியாது. அதனால் 1990-களில் கட்டிய லாஜிக்கல் ஃபைல்கள் நான்கைந்து இயந்திரங்களைக் கடந்து இன்றும் வேலை செய்கின்றன. உருவாக்கியவர் ஓய்வு பெற்றிருப்பார். அவர் பெயரில் இருந்த லைப்ரரி அப்படியே இருக்கும்.

இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றலாம். ஆனால் அது சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு புது வரிக்கும் எல்லாத் தடங்களையும் இயந்திரம் திருத்துகிறது என்று சொன்னேனே, அதில் லைப்ரரி பேதம் இல்லை. யாரும் எட்டிப் பார்க்காத லைப்ரரியில் கிடக்கும் லாஜிக்கல் ஃபைலின் தடமும் ஒவ்வொரு தடவையும் திருத்தப்படும். ஆலை வாசலில் தகடு இறங்கும் ஒவ்வொரு நேரமும், ஓய்வு பெற்றவரின் கோப்புக்காக இயந்திரம் கொஞ்சம் உழைக்கிறது. பிசிக்கல் ஃபைலை அழிக்கப் போனால், சார்ந்த கோப்பு இருக்கிறது என்று மறுத்துவிடும்.

காப்பு நகலில்தான் இதன் விலை முழுதாகத் தெரியும். ராத்திரி ப்ரொடக்‌ஷன் லைப்ரரியைச் சேமிக்கிறோம். அதைச் சார்ந்த லாஜிக்கல் வேறு லைப்ரரியில் இருந்தால் இந்த நகலில் அது இல்லை. அந்த லைப்ரரியையும் தனியாகச் சேமித்தாலும் தடம் சேராமல் வெறும் விளக்கம் மட்டும் சேர்வது உண்டு. மீட்டெடுக்கும்போது தடத்தை முதலிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். கோடிக்கணக்கான வரிகள் இருந்தால் அது மணிக்கணக்கு வேலை. இயந்திரம் முழுக்கப் பழுதாகி, எல்லா லைப்ரரிகளையும் மொத்தமாக மீட்கும் நாளில் இன்னொரு விசித்திரம் காத்திருக்கிறது. லைப்ரரிகள் அகரவரிசையில் மீட்கப்படுகின்றன. லாஜிக்கல் இருக்கும் லைப்ரரியின் பெயர் ‘ஏ’ என்றும் பிசிக்கல் இருக்கும் லைப்ரரியின் பெயர் ‘பி’ என்றும் தொடங்கினால், லாஜிக்கல் திரும்பி வரும் நேரத்தில் அது பற்றிக்கொள்ளப் பிசிக்கல் இன்னும் வரவில்லை. மீட்பு அந்தக் கோப்பை விட்டுவிட்டுப் போய்விடும். பெயர்கள் மாறியிருந்தால் எந்தப் பிரச்சினையும் வந்திருக்காது. யாரோ எப்போதோ வைத்த பெயரின் முதல் எழுத்து, நெருக்கடி நாளில் ஒரு நிறுவனத்தின் தூக்கத்தைத் தீர்மானிக்கிறது. பின்னால் வந்த பதிப்புகளில் இப்படி விட்டுப்போனவற்றை ஒத்திவைத்து, எல்லாம் வந்தபின் மீட்கும் வழியைச் சேர்த்திருக்கிறார்கள். அது இருப்பது தெரிந்து, முன்கூட்டியே கேட்டால்தான் செய்யும்.

சரி, இவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? கொதிகலன் குழாயைப் போலவே இதிலும் ஒரு திசை எளிது. லாஜிக்கல் ஃபைலைப் பார்த்து ‘உன் பிசிக்கல் எது’ என்று கேட்டால், கோப்பின் விளக்கத்திலேயே பெயரும் லைப்ரரியும் இருக்கும். ‘உன்மேல் யார் யார் சாய்ந்திருக்கிறார்கள்’ என்று பிசிக்கலைக் கேட்பதுதான் கடினமானது. லாஜிக்கல்கள் எந்த லைப்ரரியிலும் இருக்கலாம். ஆயிரம் லைப்ரரிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது ஆகிற காரியமா?

ராச்செஸ்டர் பொறியாளர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். லாஜிக்கல் பிறக்கும்போது பிணைப்பு இரண்டு முனையிலும் பதிவாகிறது. பிசிக்கல் ஃபைலுக்குத் தன்னைச் சார்ந்தவர்களைத் தெரியும், அவர்கள் எந்த லைப்ரரியில் இருந்தாலும். ‘டிஸ்ப்ளே டேட்டாபேஸ் ரிலேஷன்ஸ்’ என்பது அந்தக் கட்டளையின் பெயர்; அலுவலகத்தில் டி.எஸ்.பி.டி.பி.ஆர். என்று எழுத்துக்கூட்டிச் சொல்வார்கள். கோப்பின் பெயரைக் கொடுத்தால், சார்ந்தவை எல்லாம் லைப்ரரிப் பெயரோடு வந்து நிற்கும். ஒரு லைப்ரரியின் எல்லாக் கோப்புகளுக்கும் சேர்த்துக் கேட்டு, விடையை இன்னொரு கோப்பில் எழுதச் சொல்லலாம். அந்தக் கோப்பின் ஒவ்வொரு வரியிலும் நான்கு விவரங்கள் முக்கியம்: சார்ந்திருக்கப்படும் கோப்பு, அதன் லைப்ரரி, சார்ந்திருக்கும் கோப்பு, அதன் லைப்ரரி. இரண்டு லைப்ரரிப் பெயர்களும் வேறுபடும் வரிகளை மட்டும் பொறுக்கினால் போதும். இணை பிசகியவை அத்தனையும் அந்தப் பட்டியலில்.

அதைவிடச் சுருக்கமான வழியும் உண்டு. இயந்திரம் தனக்காகவே ஒரு மேற்கோள் அட்டவணை வைத்திருக்கிறது. எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்பது முழு இயந்திரத்துக்கும் சேர்த்து ஒரே இடத்தில். க்யூ.ஏ.டி.பி.எஃப்.டி.இ.பி. என்ற விகாரமான பெயர் அதற்கு. மூல லைப்ரரியில் இருக்கிறது. கோப்பு உருவாகும்போதும் அழியும்போதும் நகரும்போதும் பின்னணியில் ஒரு வேலை ஓடி அதைத் திருத்திக்கொண்டே இருக்கும். அந்த அட்டவணையும் ஒரு சாதாரண தரவுக் கோப்புதான் என்பதுதான் எனக்குப் பிடித்தது. மற்றக் கோப்புகளை எந்த மொழியில் கேட்கிறோமோ அதே எஸ்.க்யூ.எல். மொழியில் இதையும் கேட்கலாம். கோப்பின் லைப்ரரியும் சார்ந்த கோப்பின் லைப்ரரியும் ஒன்றாக இல்லாதவற்றைக் கொடு என்று ஒரே வாக்கியம். முப்பது வருடப் பிசகுகள் திரையில் வந்துவிடும். எப்போதாவது மின்சாரம் போய் இந்த அட்டவணையே உண்மையிலிருந்து விலகிவிட்டால், பொருள்களை நேரடியாகப் பார்த்து அதை மறுபடி கட்டும் கட்டளையும் இருக்கிறது.

இந்த இருமுனைப் பதிவு எவ்வளவு அரிய விஷயம் என்று உணர, கைலாசபுரத்திலிருந்து காவிரியைத் தாண்டினால் போதும். ஸ்ரீரங்கம் கோயிலில் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டு, தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24-ஆம் தொகுதியாக வெளிவந்திருக்கின்றன. எழுத்து இங்கே மதிலில் இருக்கிறது. அது பேசும் நிலம் எங்கோ ஒரு கிராமத்தில் இருக்கிறது. மதிலைப் படித்தால் நிலம் தெரியும். அந்தக் கிராமத்தில் நின்றுகொண்டு ‘என்னைப் பற்றி எந்தெந்த ஊர்க் கோயில் சுவரில் எழுதியிருக்கிறது’ என்று கேட்டால் பதில் சொல்லக் கல்லில் எதுவும் இல்லை. வி. ரங்காச்சார்யா 1919-ல் சென்னை மாகாணக் கல்வெட்டுகளின் ஊர்வாரிப் பட்டியலை மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தார். மாபெரும் உழைப்பு. அதுவும் கல் எங்கே இருக்கிறது என்ற வரிசையில் அமைந்தது. கல் எதைப் பற்றிப் பேசுகிறது என்ற வரிசையில் அல்ல. எ. சுப்பராயலு 1973-ல் சோழ நாட்டின் அரசியல் புவியியலை எழுதியபோது, எண்ணற்ற கல்வெட்டுகளில் சிதறிக் கிடந்த ஊர்ப்பெயர்களை நாடுவாரியாகத் திரட்ட வேண்டியிருந்தது. பிறகு நொபொரு கராஷிமா, சுப்பராயலு, தோரு மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களுக்கான சொல்லடைவை மூன்று தொகுதிகளாக மதுரையிலிருந்து வெளியிட்டார்கள். பெயரைக் கொடுத்தால் அது வரும் கல்வெட்டுகள் கிடைக்கும். அது வெளிவந்த ஆண்டும் 1978. ராச்செஸ்டரில் இயந்திரத்தின் உடம்புக்குள் வைத்த பின்திசைப் பதிவை, மதுரைப் பதிப்பு மனித உழைப்பால் கல்லுக்குச் செய்து கொடுத்தது. சோழர் சமூகத்தைப் பற்றி அதற்குப் பின் எழுதப்பட்டவற்றில் எத்தனையோ ஆய்வுகள் அந்தத் தொகுதிகளைப் புரட்டித்தான் தொடங்கியிருக்கின்றன.

காப்பும் மீட்பும்கூட இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் திருமழபாடிக் கோயில் விமானத்தை இடித்துப் புதுப்பிக்க முதலாம் இராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். இடிப்பதற்கு முன் அதிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்தார்கள். புதிய விமானத்தில் அவற்றைத் திரும்பப் பொறித்தது இராஜேந்திரன் காலத்தில், அவனுடைய 14-ஆம் ஆண்டில், 1026 வாக்கில். சேமித்ததற்கும் மீட்டதற்கும் நடுவே பத்து வருடங்களுக்கு மேல். இத்தனையும் நமக்குத் தெரிவது, படியெடுத்த செய்தியையும் சேர்த்துப் பொறித்து வைத்ததால்தான்.

திரும்பவும் கணினிக்கு வருவோம். பிசகிய இணைகளின் பட்டியல் கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் சரிசெய்யத் தோன்றும். கூடாது. வேண்டுமென்றே பிரித்து வைத்தவையும் அதில் இருக்கும். தரவையெல்லாம் ஒரு லைப்ரரியிலும், ஒரு துறை மட்டும் பார்க்கக்கூடிய லாஜிக்கல்களை வேறொன்றிலும் வைத்து, லைப்ரரிக்கு மட்டும் அனுமதி கொடுப்பது பாதுகாப்புக்கான நியாயமான வழி. வெளியிலிருந்து வாங்கிய மென்பொருளின் லைப்ரரியில் கை வைக்காமல், தங்களுக்கு வேண்டிய தடங்களைத் தனி லைப்ரரியில் கட்டிக்கொள்பவர்களும் உண்டு. என் கணிப்பில் அவர்கள் செய்வதுதான் சரி. மென்பொருளின் அடுத்த பதிப்பு வரும்போது அவர்கள் வேலை அடித்துக்கொண்டு போகாது. சந்தேகப்பட வேண்டியவை வேறு. ப்ரொடக்‌ஷனும் டெஸ்ட்டும் கைகோத்திருக்கும் வரிகள், யாருடைய சொந்தப் பெயரிலோ இருக்கும் லைப்ரரிகள், ஒரே பெயர்ப் பிசிக்கல் தன் வீட்டிலேயே இருக்க வெளியே போய்ச் சாய்ந்திருக்கும் லாஜிக்கல்கள். கடைசி வகை ஏறக்குறைய எப்போதும் விபத்துதான்.

திருத்தும் வேலை நேரடியானது. லாஜிக்கல் ஃபைலை அழித்து, லைப்ரரி பட்டியலைச் சரியாக வைத்துக்கொண்டு, பிசிக்கலின் லைப்ரரியையும் வெளிப்படையாக எழுதி, மறுபடி உருவாக்க வேண்டும். அதில் தரவு இல்லை என்பதால் அழிப்பதில் இழப்பு கிடையாது. பெரிய கோப்பாக இருந்தால் தடம் கட்டி முடியும்வரை நேரமாகும். அதனால் ராத்திரியோ விடுமுறையோ பார்த்துச் செய்வார்கள். முடித்தபின் அதே கேள்வியை அட்டவணையிடம் திரும்பக் கேட்டு, அந்த வரி மறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

யாருக்கும் பயன்படாதது போல் தோன்றும் லாஜிக்கலை அடியோடு எடுத்துவிடுவதுதான் நிதானம் வேண்டிய வேலை. அட்டவணைக்குக் கோப்புக்கும் கோப்புக்கும் உள்ள உறவு தெரியும். எந்த நிரல் எப்போது வந்து எந்தக் கோப்பைத் திறக்கும் என்பது தெரியாது. ஒவ்வொரு பொருளுக்கும் ‘கடைசியாகப் பயன்படுத்திய நாள்’ என்று ஒன்றை இயந்திரம் குறித்து வைக்கிறது. அது மட்டும் போதாது. ஒரு நிரல் அந்தக் கோப்பைப் பெயர் சொல்லித் திறந்தால்தான் அந்த நாள் மாறும். எஸ்.க்யூ.எல்.-ல் ஒரு கேள்வி வரும்போது, அதற்கு வேகமாகப் பதில் தேடும் பொருட்டு இயந்திரமே இந்தத் தடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்வதும் உண்டு. அப்போது ‘கடைசியாகப் பயன்படுத்திய நாள்’ மாறாது; கேள்விக்குப் பயன்பட்ட நாள் என்று வேறொரு இடத்தில் குறிக்கப்படும். பல வருடங்களாக யாரும் திறக்காத கோப்பு என்று நினைத்து அழித்தால், மறுநாள் காலையில் நொடியில் வந்துகொண்டிருந்த அறிக்கை மணிக்கணக்கில் நகரும்.

இரண்டு நாள்களையும் பார்த்து, இரண்டும் மிகப் பழையவையாக இருந்தால்கூட, உருவாக்கும் விளக்கத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு மார்ச் 31 கணக்கு முடியும்வரை காத்திருப்பது நம் நாட்டு நிறுவனங்களுக்கு நல்லது. வருடத்துக்கு ஒரே ஒரு தடவை ஓடும் நிரல்கள் இருக்கின்றன. அவை ஓடி முடித்த ஏப்ரல் மாதத்தில் அந்த நாள்களைத் திரும்பப் பார்த்துவிட்டு, அப்போதும் மாறாதவற்றை அழிக்கலாம்.